ஜாங்கோ அட்மினில் ‘பகிர்’ சேர்த்தது

என் பறவைக் குறிப்புத் தளம் பைத்தான் மொழியில் எழுதப்பட்ட ஜாங்கோ என்ற இணையதளக் கட்டமைப்பில் ஓடுகிறது. குறிப்பு ஏற்றிய பிறகு மாஸ்டடான், ப்ளூஸ்கை ஆகிய சமூக வலைத்தளங்களைத் தனித்தனியாகத் திறந்து தலைப்பும் சுட்டியும் ஒட்டுவது சலித்துப்போனதால், அதை அட்மினுக்குள்ளேயே (தளத்தை நிர்வகிக்கும் பக்கம்) முடிக்கப் பார்த்தேன்.

சேவ் அழுத்தியதும் தானாகப் போகும்படி வைக்கவில்லை. எழுத்துப்பிழை திருத்தினாலும் சேவ்தானே! பட்டியல் பக்கத்தின் ஆக்‌ஷன் மெனுவில் ‘பகிர்’ சேர்த்தேன். வேண்டிய குறிப்பை டிக் செய்து ஓட்டினால் போதும். அந்தத் தளங்களிலிருந்து திரும்பி வரும் பதிவு அடையாளம், குறிப்பின் மாடலில் (தரவுத்தள வடிவம்) சேமிக்கப்படுகிறது. அது இருந்தால் அந்தக் குறிப்பு இரண்டாம் முறை போகாது.

மாஸ்டடான் சுலபம். செட்டிங்ஸில் டெவலப்மென்ட் பகுதிக்குப் போய், பதிவிடும் அனுமதி மட்டும் உள்ள டோக்கன் (கடவுச்சொல்லுக்குப் பதிலான சாவி) ஒன்று எடுத்தேன். தரவை அனுப்பும் ஒரே போஸ்ட் ரிக்வெஸ்ட் போதும். சுட்டி எவ்வளவு நீண்டாலும் 23 எழுத்தாகவே கணக்கு. முன்னோட்ட அட்டையையும் பக்கத்தின் ஓபன் கிராஃப் டேக்குகளை (தலைப்பு, படம் போன்றவற்றைச் சொல்லும் குறிகள்) படித்து அதுவே போட்டுக்கொள்கிறது.

ப்ளூஸ்கைதான் வேலை வாங்கியது. ஏபிஐ (நிரல்கள் பேசிக்கொள்ளும் வாசல்) வழியாக அனுப்பும் உரையில் சுட்டி வெறும் எழுத்தாகவே நிற்கும்; எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று நாம்தான் சொல்ல வேண்டும், அதுவும் யூடிஎஃப்-8 (எழுத்துகளை பைட்டுகளாகச் சேமிக்கும் முறை) பைட் கணக்கில். ‘தமிழ்’ என்பது கண்ணுக்கு 3 எழுத்து. இகரக் குறியையும் புள்ளியையும் தனியாக எண்ணும் பைத்தானுக்கு 5. பைட்டில் 15. சாதாரண ஆங்கில எழுத்துகளில் மூன்று கணக்கும் ஒன்றாகவே வந்துவிடும், வித்தியாசமே தெரியாது. சுட்டிக்கு முந்தைய உரையை பைட்டுகளாக என்கோட் செய்து, அதன் பைட் நீளத்தையே தொடக்க இடமாகக் கொடுத்தேன்; சரியாக உட்கார்ந்தது.

ப்ளூஸ்கையில் ஒரு பதிவுக்கான 300 வரம்பு மட்டும் கண்ணுக்குத் தெரியும் எழுத்துக் கணக்கு. நீண்ட சுருக்கத்தை பைத்தான் கணக்கில் வெட்டினால் ‘கொக்கு’ நடுவில் மாட்டி ‘க’ மட்டும் மிஞ்சலாம். எழுத்தெழுத்தாகப் பிரிக்க ரெஜெக்ஸ் என்ற பைத்தான் மாட்யூலை வைத்துக்கொண்டேன். அட்டைக்கான தலைப்பு, விளக்கம், படம் எல்லாமும் நாமே ஏற்றித்தர வேண்டும்.

ஃபேஸ்புக்கில் தனிநபர் கணக்குக்கு ஏபிஐ வழியே பதிவிடும் வசதி 2018 ஆகஸ்டிலேயே போய்விட்டது. அதற்கும் வாட்ஸாப்புக்கும் பகிர்வுச் சுட்டி மட்டும் வைத்திருக்கிறேன். கடைசி கிளிக் கையால்தான். வாட்ஸாப் சுட்டியில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் சதவீதக் குறிகளோடு 9 எழுத்தாக விரியும். பார்க்கச் சகிக்காது, ஆனால் வேலை செய்கிறது.

அடுத்து படங்களுக்கு ஆல்ட் உரை (படத்தைப் பார்க்க முடியாதவர்களுக்கான விளக்கம்). அதற்கு மாடலில் ஒரு ஃபீல்ட் கூட்ட வேண்டும்.