காதுக் கருவியை மடிக்கணினியோடு சேர்க்க எனக்கு ஆன நான்கு மாதம்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் வீட்டிலிருந்தபடியே எஸ்.பி.எம். எனும் ஐந்தாம் படிவத் தேர்வு எழுதும் மாணவர்களுக்கு இணையம் வழி தமிழ்மொழி வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகளில் பாதிப்பேர் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் இருக்கிறார்கள், மற்றவர்கள் ஈப்போ பக்கம். எனக்கு முப்பது வயதுக்கு மேல் இரண்டு காதும் மெல்ல மெல்லக் குறைந்துவிட்டது. கனத்த சத்தம் எல்லாம் கேட்கும், செம்பனைக் குலை ஏற்றிப் போகும் லாரி, மழைக்கு முன் வரும் இடி, எதுவும் தப்பாது. ச, ஸ, த, க மாதிரி மெல்லிய ஒலிகள்தான் நழுவிப் போகும். தமிழ் வாசிக்கச் சொல்லிக் கேட்கிற ஆசிரியைக்கு அது போனால் வேறு என்ன மிச்சம்?

2024-இல் ஈப்போவில் ஒரு மையத்தில் புதுக் கருவி வாங்கினேன். காதுக்குப் பின்னால் உட்காரும், இரவில் சார்ஜ் பெட்டியில் வைக்கும் வகை. "புளூடூத் இருக்கு டீச்சர், எல்லாத்தோடயும் சேரும்" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். என் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் அன்றைக்கே சேர்ந்துவிட்டது. அம்மா பினாங்கிலிருந்து பேசியது நேராகக் காதுக்குள் விழுந்தது, ஸ்பீக்கரில் போட்டுக் கத்த வேண்டியதில்லை. சரி, மடிக்கணினியும் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அது விண்டோஸ் 10 கணினி. புளூடூத் பட்டியலில் இடது கருவி ஒன்றாகவும் வலது கருவி ஒன்றாகவும் வந்து நின்றது. அழுத்தினால் 'கனெக்டட்' என்று காட்டும், இரண்டு விநாடியில் அணைந்துவிடும். ஒலி அமைப்பைத் திறந்து பார்த்தால் கணினியின் சொந்த ஸ்பீக்கர் மட்டும்தான் இருக்கும், கருவியின் பெயரே இருக்காது. கருவியை அணைத்துப் போட்டேன், ஏனென்றால் பெரும்பாலான கருவிகள் மறுபடி ஆன் ஆன பிறகு சில நிமிடம்தான் புதுச் சாதனத்தோடு சேரத் தயாராக இருக்கும். கைப்பேசியின் புளூடூத்தை நிறுத்தினேன். கணினியில் பெயரை நீக்கி மறுபடி சேர்த்தேன். ஒரு வாரம் தினமும் இரவு இதே வேலை.

பட்டணத்தில் கணினி பழுது பார்க்கும் கடையில் கேட்டதற்கு, கணினியின் புளூடூத் பழசு, யு.எஸ்.பி.யில் செருகும் சின்ன டாங்கிள் போட்டால் சரியாகிவிடும் என்றார்கள். முப்பது வெள்ளி கொடுத்து வாங்கினேன். அதிலும் அதே கதை. கருவி வாங்கிய மையத்துக்குப் போன் போட்டால், "கணினி எங்களுக்குத் தெரியாது டீச்சர், கைப்பேசியில வேலை செய்யுதுல்ல" என்று முடித்துவிட்டார்கள். அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது உண்மை. அந்தக் கருவிக்குக் கொடுத்த காசு என் பல மாத வகுப்புக் கட்டணம்.

அப்புறம் நானே உட்கார்ந்து தேடிப் படித்ததில்தான் விஷயம் பிடிபட்டது. புளூடூத் என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே வேறு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். ஹெட்ஃபோன், கார் எல்லாவற்றிலும் பாட்டுக் கேட்கிறோமே, அது பழைய 'கிளாசிக்' வகை. பேட்டரியை அதிகம் தின்னும். காதுக் கருவியின் பேட்டரி விரல் நுனி அளவுதான், அதனால் பல கம்பெனிகள் 'லோ எனர்ஜி' வகையைப் பிடித்துக்கொண்டன. ஆனால் அந்த வகையில் அப்போது ஒலி அனுப்பப் பொதுவான முறை எதுவும் இல்லை. ஆப்பிள் 2013 வாக்கில் ஐஃபோனுக்கென்று தன் சொந்த வழியை வைத்தது. கூகுள் 'ஆஷா' என்று ஒரு வழியைக் கொண்டுவந்து 2019-இல் ஆண்ட்ராய்டு 10-இல் சேர்த்தது. விண்டோஸ் இந்த இரண்டையும் எடுத்துக்கொள்ளவில்லை. என் கருவிக்குத் தெரிந்தது இந்த இரண்டு வழியும்தான். நான் எத்தனை டாங்கிள் மாற்றினாலும் விடிந்திருக்காது. ஃபோனாக் என்ற கம்பெனி 2018-இல் மார்வெல் கருவியில் கிளாசிக் புளூடூத்தையே உள்ளே வைத்தது, அந்த வகை வைத்திருப்பவர்கள் சாதாரண ஹெட்செட் மாதிரி கணினியோடு சேர்த்துக்கொள்ளலாம்.

ஆகவே கருவி வாங்கப் போகிறவர்களே, 'புளூடூத் இருக்கா' என்று கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள், எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். 'விண்டோஸ் கணினிக்கு நேராக ஒலி வருமா, இப்பவே இங்கேயே காட்டுங்கள்' என்று கேளுங்கள். உங்கள் கணினியையும் கையோடு கொண்டு போங்கள்.

எனக்கு வழி கொடுத்தது ஒரு ஸ்ட்ரீமர். சட்டையில் குத்திக்கொள்ளும் சின்னப் பெட்டி, தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிசு. கணினியோடு கிளாசிக் புளூடூத்தில் பேசும், அங்கிருந்து வாங்கிய ஒலியைக் கருவிக்குத் தன் சொந்த அலையில் அனுப்பும். அதே கம்பெனியின் ஸ்ட்ரீமராக இருக்க வேண்டும், மாற்றி வாங்கினால் சேராது. ஒரு மாத வகுப்புப் பணம் அப்படியே போனது. மையத்தில் இதைப்பற்றி முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஸ்ட்ரீமர் ஐந்து நிமிடத்தில் சேர்ந்தது. யூடியூப்பில் தேவாரம் போட்டுக் கேட்டேன், அவ்வளவு தெளிவு. மறுநாள் வகுப்பு தொடங்கியதும் எல்லாம் கெட்டது. ஐந்தாம் படிவப் பெண் ஒருத்தி பத்தி வாசிக்கிறாள், குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிறது. 'பச்சை' என்றாளா 'பத்தை' என்றாளா தெரியவில்லை. "டீச்சர், கேக்குதா டீச்சர்?" என்று அவள் கேட்டதுகூட அரைகுறையாகத்தான் வந்தது.

காரணம் இது. கிளாசிக் புளூடூத்தில் நல்ல ஒலியும் மைக்கும் ஒரே நேரத்தில் வராது. கேட்பது மட்டும் என்றால் முழுத்தரம். மைக்கைத் திறந்த உடனே அது தொலைபேசி முறைக்கு மாறிவிடும், பழைய வகையில் 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள ஒலியெல்லாம் வெட்டுப்படும். ச, ஸ இவற்றின் உயிர் அதற்கு மேலேதான் பெரும்பாலும் இருக்கிறது. நல்ல காது உள்ளவர்கள் சமாளித்துக்கொள்வார்கள், எங்களுக்கு அதுவே முழு நஷ்டம்.

தீர்வு கையிலேயே இருந்தது. விண்டோஸ் 10-இல் ஸ்ட்ரீமர் இரண்டு பெயரில் வரும், ஒன்று முழுத்தர 'ஸ்டீரியோ', இன்னொன்று தொலைபேசி முறையான 'ஹேண்ட்ஸ்ஃப்ரீ'. கூகுள் மீட் அமைப்பில் ஸ்பீக்கருக்கு ஸ்டீரியோவையும் மைக்குக்குக் கணினியின் சொந்த மைக்கையும் தேர்ந்தெடுத்தேன். கணினி தானாக மாற்றிவிடாமல் இருக்க, கன்ட்ரோல் பேனலில் 'டிவைசஸ் அண்ட் பிரிண்டர்ஸ்' போய், ஸ்ட்ரீமர் மேல் வலது கிளிக், 'ப்ராப்பர்ட்டிஸ்', 'சர்வீசஸ்', அதில் 'ஹேண்ட்ஸ்ஃப்ரீ டெலிபோனி' என்பதில் உள்ள சரிக்குறியை எடுத்துவிட்டேன். மறுநாள் அதே பெண்ணை அதே பத்தியை வாசிக்கச் சொன்னேன். பச்சை வயல், பனிச்சாரல், எல்லாம் வரிசையாக வந்தது. அவள் 'வாழை'யை 'வாளை' என்று வாசித்ததும் கேட்டது. நிறுத்தித் திருத்தினேன். பல மாதம் கழித்து முதல் முறையாகப் பிள்ளைகளிடம் "மறுபடி சொல்லு" என்று கேட்காமல் ஒரு வகுப்பு முடிந்தது.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். வகுப்பு நேரத்தில் கைப்பேசிக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்) செய்தி வந்தால் கருவி அந்தப் பக்கம் தாவிவிடும், அதனால் கைப்பேசியின் புளூடூத்தை அணைத்துவிட்டுத்தான் உட்காருகிறேன். அப்புறம், ஸ்ட்ரீமிங் ஓடும்போது கருவியின் சார்ஜ் சீக்கிரம் இறங்கும், இரண்டு வகுப்புக்கு நடுவில் பெட்டியில் வைத்து எடுக்கிறேன்.

எங்கள் வீட்டு வரிசையில் ஒரு பெரியவர் இருக்கிறார், ஆலையில் கொதிகலன் பக்கம் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவர். இன்றைக்கு வேலையிடச் சத்தத்துக்கு 85 டெசிபல் என்று 2019 சட்டம் வரம்பு வைத்திருக்கிறது, அவர் காலத்தில் காதில் பஞ்சு வைத்ததோடு சரி. அவர் கருவி பழசு, புளூடூத்தே கிடையாது. "தங்கச்சி, உன் பெட்டி எனக்கும் ஒத்து வருமா?" என்று கேட்டார். வராது. ஆனால் பழைய பெரிய கருவிகளில் 'டி-காயில்' என்று ஒரு கம்பிச் சுருள் இருப்பது வழக்கம், அவருடையதிலும் இருந்தது, மையத்தில் அதைத் திறந்துவிடாமல் வைத்திருந்தார்கள். போய்த் திறந்து வாங்கிக்கொண்டு, கழுத்தில் மாட்டும் வளையம் ஒன்றைக் கணினியின் ஹெட்ஃபோன் துளையில் செருகினோம். வளையம் காந்த அலையாக அனுப்பும், சுருள் வாங்கிக்கொள்ளும், சேர்ப்பது நீக்குவது எதுவும் இல்லை. மின்விசிறி, சார்ஜர் வயர் பக்கத்தில் இருந்தால் மட்டும் 'ம்ம்ம்' என்று இரையும், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால் போய்விடும். ஜொகூரில் இருக்கும் மகளோடு காணொளியில் பேசினார். "அப்பா, மெதுவா பேசுங்கப்பா, எனக்கு நல்லா கேக்குது" என்றாள் அவள். அவர் உடனே குரலைத் தணித்தார்.

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்ததால் நானும் புதுக் கணினி பார்க்க வேண்டி வந்தது. 2020-இல் அறிவித்த 'எல்.இ. ஆடியோ' என்ற பொது முறை இப்போது விண்டோஸ் 11-இல் வந்திருக்கிறது, அதில் சேரும் கருவிகளைப் பெட்டி இல்லாமல் நேராகவே இணைக்கலாம். ஆனால் விண்டோஸ் 11 இருந்தால் மட்டும் போதாது, கணினியின் புளூடூத் சில்லும் அதை இயக்கும் மென்பொருளான டிரைவரும் ஒத்துழைக்க வேண்டும். கடையில் காட்சிக்கு வைத்திருந்த கணினிகளில் புளூடூத் அமைப்பைத் திறந்து, 'டிவைசஸ்' பக்கத்தில் 'யூஸ் எல்.இ. ஆடியோ வென் அவெய்லபில்' என்ற பொத்தான் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தேடினேன். முதல் இரண்டில் இல்லை. மூன்றாவதில் இருந்தது, அதை வாங்கினேன். கருவி இன்னும் அதே பழையதுதான், வகுப்பு நேரத்தில் ஸ்ட்ரீமர் சட்டையில் இருக்கிறது. அடுத்த கருவி வாங்கப் போகும் அன்று இந்தக் கணினியைப் பையில் போட்டுக்கொண்டுதான் ஈப்போவுக்குப் பஸ் ஏறுவேன்.