மட்டக்களப்பின் பழைய உள்ளூர்ச் சபைப் பதிவுகளைத் தேடுவோருக்கு

"எல்லாம் புயலோடு போய்விட்டது" என்ற பதிலை நம்பி எவரும் திரும்பிவிட வேண்டாம் என்பதற்காகவே இதனை எழுதுகிறேன். 1876ஆம் ஆண்டின் உள்ளூர்ச் சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் மட்டக்களப்பு நகரில் இயங்கிய சபையின் ஆவணங்கள் எனக்குத் தேவைப்பட்டன. நான் முதலில் சென்ற அலுவலகத்தில், என் கடிதத்தை முழுதாக வாசிக்காமலே, இங்கு மாநகர சபை வந்தது 1967இல்தான் என்றும் அதற்கு முற்பட்டவை 1978ஆம் ஆண்டுச் சூறாவளியில் அழிந்துவிட்டன என்றும் இலிகிதர் சொல்லி அனுப்பிவிட்டார். அந்தச் சூறாவளி இந்த மண்ணில் செய்த அழிவை நாம் அறிவோம். ஆனால் அலுமாரியைத் திறந்துகூடப் பாராமல் எல்லாவற்றையும் அதன் தலையில் சுமத்தியதை என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை.

பின்னர் 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி எழுத்தில் விண்ணப்பித்தேன். விண்ணப்பத்தைப் பெற்றுக்கொண்டமைக்கான சான்றை அந்த இடத்திலேயே கேட்டு வாங்குங்கள்; தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும் என்பதால், அந்தத் திகதிதான் உங்கள் பிடி. எனக்குக் கிடைத்தது "எம்மிடம் இல்லை" என்ற ஒற்றை வரி.

வழி காட்டியவர் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், கடமையாற்றி ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். "சபையைத் தேடாதீங்க தம்பி, ஏசண்டுத் துரையின்ட கடிதங்களத் தேடுங்க" என்றார். ஏசண்டுத் துரை என்று அவர் சொன்னது, பிரித்தானியர் காலத்தில் மாகாண நிருவாகத்தை நடத்திய அரசாங்க அதிபரை. 1865ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் மாநகர சபைகளைக் கொழும்பு, கண்டி போன்ற பெருநகரங்களுக்கே கொடுத்தது. நம்முடையதைப் போன்ற ஊர்களுக்குக் கிடைத்த உள்ளூர்ச் சபையில் தெரிவான உறுப்பினர்கள் இருந்தபோதிலும், தலைமை அரசாங்க அதிபரிடமே இருந்தது. ஆகவே வரி, சந்தை, தெரு, துப்புரவு பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் கச்சேரிக் கோவைகளுக்குள் சென்றன. தலைவரைத் தாமே தெரிவுசெய்யும் உரிமை நகரங்களுக்கு 1920ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் வரத் தொடங்கியது என்பதை நினைத்தால், சுயாட்சி எவ்வளவு சிறு சிறு துண்டுகளாகக் கொடுக்கப்பட்டது என்பது புரியும்.

கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் வாசகர் அனுமதி பெறுவதில் சிரமம் இருக்கவில்லை. ஆனால் நேரே கையெழுத்துக் கோவைகளைக் கேட்காதீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலக் கையெழுத்து பழகாத கண்ணைக் களைக்கச் செய்துவிடும். அச்சான ஆண்டு நிருவாக அறிக்கைகளில் கிழக்கு மாகாண அரசாங்க அதிபர் எழுதிய பகுதியை முதலில் வாசித்து, ஆண்டையும் விடயத்தையும் குறித்துக்கொண்ட பின்னர் கோவைகளுக்கு எழுதிக் கொடுங்கள். நான் அப்படிச் செய்தபோது, அழிந்ததாகச் சொல்லப்பட்ட காலத்துச் சபை விவகாரங்கள் பக்கம் பக்கமாக என் முன்னே விரிந்தன.

அவற்றின் பிரதிகளை, எந்தக் கோவையில் எடுத்தவை என்ற விபரத்தோடு இணைத்து, "எம்மிடம் இல்லை" என்று எழுதிய அதே அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அடுத்து வந்து கேட்பவருக்கு அதைக் காட்டும்படியும் எழுத்தில் கேட்டிருக்கிறேன்.