வாழ்க்கை விளையாட்டுகளுக்கு ஒரு டெஸ்க்டாப்: எதற்குப் பணம் போடுவது?

சேலத்துக் கடைகளில் விளையாட்டுக்குக் கணினி வேண்டும் என்று கேட்டால், திரையில் தெரியும் காட்சியை உருவாக்கும் கிராபிக்ஸ் கார்டு எதைப் போடலாம் என்பதிலிருந்துதான் பேச்சு தொடங்குகிறது. துப்பாக்கிச் சண்டை, கார் பந்தய விளையாட்டுகளுக்கு அது சரியான தொடக்கம். ஒரு குடும்பத்தையோ பண்ணையையோ நாள்தோறும் நடத்திக்கொண்டு போகும் சிம்ஸ் 4, ஸ்டார்டியூ வேலி போன்றவற்றுக்கு அது பொருந்தாது. ஏற்காட்டில் படிக்கும் என் அக்காள் மகளுக்கு ஒரு டெஸ்க்டாப் தேர்ந்தெடுத்துக் கொடுத்தபோது நான் கடைப்பிடித்த வரிசையை இங்கே எழுதுகிறேன்.

முதலிடம், கணினியின் கணக்குகளைச் செய்யும் பிராசஸருக்கு. சிம்ஸ் 4 விளையாட்டில் திரையில் தெரிவது ஒரு வீடுதான் என்றாலும், அதில் உலவும் ஒவ்வொருவரின் பசி, தூக்கம், மனநிலை எல்லாவற்றையும் கணினி ஓயாமல் கணக்கிட்டு, அடுத்து அவர் என்ன செய்வார் என்று முடிவெடுத்து, மேசை நாற்காலிகளில் இடிக்காமல் அவர் நடந்துபோக வழியும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அந்த விளையாட்டின் விதிகளில் பெரும்பகுதி பைத்தான் மொழியில் எழுதப்பட்டிருப்பதால், இந்த வேலை, பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகளான கோர்கள் பலவற்றுக்குப் பங்கிடப்படாமல் பெரும்பாலும் ஒரே கோரின் தலையில் விழுகிறது. வீட்டில் ஆட்கள் கூடக்கூட, கட்டளை கொடுத்தும் பாத்திரங்கள் அசையாமல் நிற்பதற்கு இதுவே முக்கியக் காரணம். எவ்வளவு விலையுள்ள கார்டு போட்டாலும் அது தீராது. ஆகவே கோர்களின் எண்ணிக்கையைவிட ஒரு கோரின் வேகத்தைப் பாருங்கள். ஆறு கோர் உள்ள, அண்மைத் தலைமுறை ரைசன் 5 அல்லது கோர் ஐ5 பிராசஸர் தாராளமாகப் போதும்.

அடுத்தது, ஓடிக்கொண்டிருக்கும் வேலையைக் கணினி தற்காலிகமாக நினைவில் வைத்திருக்கும் ரேம். சிம்ஸ் 4 நிறுவனத்தின் பரிந்துரை 8 ஜிபிதான். ஆனால் 2022 அக்டோபரில் அடிப்படை விளையாட்டு இலவசமானபின் தொடங்கிய பலரும் விரைவிலேயே பணம் கொடுத்து வாங்கும் கூடுதல் பேக்குகளுக்கும், ரசிகர்கள் உருவாக்கும் மாட்களுக்கும் போய்விடுகிறார்கள். பக்கத்தில் பிரவுசரும் திறந்திருக்கும். 16 ஜிபிக்குக் குறைவாக வாங்க வேண்டாம் என்பேன். அதையும் 8 ஜிபி குச்சிகள் இரண்டாகப் போடுங்கள். தனி கார்டு இல்லாத கணினியில் பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ், இந்த ரேமைத்தான் பகிர்ந்துகொள்கிறது. இரண்டு குச்சி இருந்தால் அதன் வேகம் நன்றாகவே கூடும். 2025 இறுதியிலிருந்து ரேம் விலை ஏறியிருக்கும் நிலையில் இது பாரமான செலவுதான். கேபினெட்டில் மின்னும் வண்ண விளக்குகளை விட்டுவிட்டாவது இதை வாங்குங்கள்.

கோப்புகளைச் சேமிக்க, ஹார்டு டிஸ்க்கைவிட வேகமான எஸ்எஸ்டி கட்டாயம் வேண்டும். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும்போதெல்லாம் காத்திருப்புத் திரை வரும் விளையாட்டில், பழைய ஹார்டு டிஸ்க் பொறுமையைத் தின்றுவிடும்.

இனி கார்டு. சிம்ஸ் 4, ரைசன் 5 5600ஜி போன்ற பிராசஸர்களின் உள்ளமைந்த கிராபிக்ஸிலேயே நன்றாக ஓடுகிறது. ஸ்டார்டியூ வேலிக்கு அந்த அளவு திறன்கூடத் தேவையில்லை. நிலைமையை மாற்றுவது இன்சாய் என்னும் இன்னொரு வாழ்க்கை விளையாட்டு. 2025 மார்ச் 28 அன்று முன்னோட்ட விற்பனைக்கு வந்த அந்தக் கொரிய விளையாட்டு அன்ரியல் என்ஜின் 5 என்னும் விளையாட்டு உருவாக்கும் மென்பொருள் மீது கட்டப்பட்டது. குறைந்தபட்சமே என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 2060 கார்டும் 12 ஜிபி ரேமும் கேட்கிறது, பரிந்துரையோ ஆர்டிஎக்ஸ் 3070. அதை விளையாடப் போகிறவர்களுக்கு மட்டும் கடைக்காரரின் முதல் கேள்வி சரியான கேள்வி.

நம் ஊருக்கென்று சில கவலைகள் உண்டு. சித்திரை வெயிலில் சேலம் 40 டிகிரியைத் தாண்டும். மணிக்கணக்கில் ஓடும் இந்த விளையாட்டுகளுக்கு, முகப்பு முழுவதும் கண்ணாடியால் மூடிய கேபினெட்டைவிட வலை முகப்பு உள்ளதே ஏற்றது. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் வெப்பக் கவலை இல்லை. அங்கே மழைக்காலத்து மின்வெட்டும் இடியும்தான் பயம். ஸ்டார்டியூ வேலியில் அன்றைய நாள் முடிந்து படுக்கைக்குப் போனால்தான் ஆட்டம் சேமிக்கப்படும். நடுவில் மின்சாரம் போனால் அந்த நாளின் உழைப்பு போயிற்று. சிம்ஸ் 4 சேமிக்கும் நொடியில் மின்சாரம் போனால் கோப்பே கெடக்கூடும். எனவே யூபிஎஸ் இல்லாமல் வாங்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வீட்டு இன்வெர்ட்டரை நம்புவதானால், அதில் யூபிஎஸ் நிலைக்கு மாற்றும் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண நிலையில் அது மின்சாரத்தை மாற்றிக்கொள்ளும் இடைவெளிக்குள் கணினி அணைந்துவிடலாம். இடி இடிக்கும்போது மின்பிளக்கோடு இணையக் கேபிளையும் கழற்றிவிடுங்கள். பல ஆண்டுகளாக வளர்த்த குடும்பத்தின் சேமிப்புக் கோப்புறையை அவ்வப்போது பென்டிரைவில் எடுத்துவைப்பதும் அவசியம்.

அக்காள் மகளுக்கு இப்போது விருப்பம் சிம்ஸ் 4 மட்டுமே என்பதால் தனி கார்டு போடவில்லை. ஆனால் கணினியின் பாகங்களுக்கு மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ் மட்டும் 650 வாட்டில் நல்லதாக வாங்கியிருக்கிறோம். ஆர்டிஎக்ஸ் 3070 கார்டுக்கு என்விடியா சொல்லும் அளவு அதுதான். பின்னால் இன்சாய் மேல் ஆசை வந்தால் கார்டை மட்டும் வாங்கிச் செருகிக்கொள்ளலாம்.