ஆபிரகாம் லிங்கனின் முன்னோரைத் தேடி: ஹிங்ஹாம் வரை வந்தாயிற்று

வம்சாவளி தேடுவது எனக்குப் பல காலமாகப் பிடித்த வேலை. அமெரிக்கா தனி நாடாவதற்கு முன்னால் அங்கே குடியேறியவர்களின் ஆவணங்களைப் படித்துப் பழக வேண்டும் என்று ஒரு ஆசை. அதற்காக ஆபிரகாம் லிங்கனின் தந்தை வழியைக் கையில் எடுத்தேன். அவருடைய புகழ் மட்டும் காரணமில்லை. தன் முன்னோரைத் தேடிப் பார்த்து, பாதி வழிக்கு மேல் போக முடியாமல் நின்றவர் அவர். எங்கே நின்றார், ஏன் நின்றார் என்று பார்க்க விரும்பினேன்.

1848இல் மாசசூசெட்ஸின் ஹிங்ஹாம் ஊரைச் சேர்ந்த சாலமன் லிங்கன் என்பவர் அவருக்குக் கடிதம் எழுதி, உங்கள் பூர்வீகம் எது என்று விசாரித்தார். லிங்கன் தனக்குத் தெரிந்ததைப் பதிலாக எழுதினார். 1859இல் எழுதிய சிறு சுயசரிதைக் குறிப்பிலும் இதைத் தொடுகிறார். தாத்தா பெயரும் ஆபிரகாம்; வர்ஜீனியாவின் ராக்கிங்ஹாம் கவுண்டியிலிருந்து (கவுண்டி என்பது நம் மாவட்டம் போல) கென்டக்கிக்குப் போனவர். அவருக்கு முந்தையவர்கள் பென்சில்வேனியாவின் பெர்க்ஸ் கவுண்டியிலிருந்து வந்த குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். மாசசூசெட்ஸை உள்ளடக்கிய வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்தின் லிங்கன்களோடு உறவு இருக்கிறதா என்று தேடியதில் ஈனாக், லீவை, மோர்டெக்காய், சாலமன், ஆபிரகாம் என்று இரண்டு பக்கமும் ஒரே பெயர்கள் வருவதைத் தவிர வேறு எதுவும் உறுதியாகவில்லை என்கிறார்.

பெயர் ஒத்துப்போனதை வைத்துச் சொந்தம் கொண்டாடாமல் அவர் அங்கேயே நிறுத்திக்கொண்டது எனக்கு மிகவும் பிடித்தது. இன்று இணையத்தில் கிடைக்கும் குடும்ப மரங்களில் பாதிக்கு மேல் இந்த நிதானம் இல்லை. ஒரே பெயர், ஏறக்குறைய ஒரே வயது இருந்தால் போதும், அப்பா மகன் என்று இணைத்துவிடுகிறார்கள். அப்புறம் அதைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் நகலெடுக்கிறார்கள். அதனால் அந்த மரங்களைத் திறக்காமல், உயில்களையும் நிலப் பத்திரங்களையும் பதிவேடுகளையும் மட்டுமே பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

கடைசித் தலைமுறையிலிருந்து பின்னோக்கிப் போனேன். 1809இல் பிறந்த ஆபிரகாமின் அப்பா தாமஸ், 1778இல் பிறந்தவர். தாமஸின் அப்பா கேப்டன் ஆபிரகாம் 1786இல் கென்டக்கியில் காட்டைத் திருத்திக்கொண்டிருந்தபோது பூர்வகுடிகளால் கொல்லப்பட்டார். அந்த மண் யாருக்குச் சொந்தம் என்ற சண்டை ஓயாமல் நடந்துகொண்டிருந்த காலம் அது. பேரன் எழுதிய குறிப்போ 1781 அல்லது 82இல் தாத்தா கென்டக்கிக்குப் போனார், ஓரிரு வருடத்தில் இறந்தார் என்கிறது. வீட்டில் சொல்லிச் சொல்லி வந்த கதை சில வருடங்கள் நகர்ந்திருக்கிறது.

கேப்டனின் அப்பா ஜான். 1768இல் வர்ஜீனியாவின் லின்வில் ஓடைப் பக்கம் நிலம் வாங்கியவர். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ராக்கிங்ஹாம் கவுண்டி 1778இல்தான் அகஸ்டா கவுண்டியிலிருந்து பிரிந்தது. ஆகவே 1768 பத்திரத்தை அகஸ்டாவின் ஆவணங்களில் தேட வேண்டும். பெர்க்ஸும் அப்படித்தான். அந்தக் கவுண்டி உருவானது 1752இல். அதற்கு முந்தைய காகிதங்களுக்குப் பிலடெல்பியா கவுண்டிக்குப் போக வேண்டும். காலனி கால ஆவணங்களில் கைவைப்பவர்கள் முதலில் ஊர் எல்லைகளின் வரலாற்றைப் படித்துவிடுவது நல்லது.

இந்தத் தேடலில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இனிமேல்தான். ஜானின் அப்பா மோர்டெக்காய், பென்சில்வேனியாவில் ஆமிட்டி டவுன்ஷிப்பில் வாழ்ந்து 1736இல் இறந்தார். உயிலின் தேதி 1735/6 பிப்ரவரி. ஏன் இரண்டு வருடம்? 1752 வரை ஆங்கிலேயர் ஆட்சியில் புது வருடம் மார்ச் 25இல் பிறந்தது. அதனால் ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையிலான தேதிகளுக்கு இரண்டு வருடத்தையும் சேர்த்து எழுதும் வழக்கம் இருந்தது. சரி, உயிலுக்கு வருவோம். அதில் ஜெர்சியில் இருக்கும் 300 ஏக்கர் நிலத்தை மகன் ஜானுக்கு எழுதிவைக்கிறார். பென்சில்வேனியாவில் குடியிருந்தவருக்கு நியூ ஜெர்சியில் நிலம் எப்படி வந்தது? அங்கேதான் அவர் முன்பு வாழ்ந்தார், ஹானா சால்ட்டரை மணந்தார். 1748இல் ஜான் அதே 300 ஏக்கரை விற்கிறார். அந்தக் கிரயப் பத்திரம் அப்பாவின் உயிலைச் சொல்லித்தான் நிலம் அவருக்கு வந்த வழியைக் காட்டுகிறது.

நம் ஊரில் மனை வாங்கும் முன் தாய்ப்பத்திரம் கேட்டு, யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று பின்னால் போவோமே, அதே வேலைதான் இது. பெயர் ஒற்றுமையால் நிரூபிக்க முடியாததை ஒரு நிலம் கைமாறிய கதை நிரூபித்துவிடுகிறது. லிங்கனுக்கு இது கிடைக்கவில்லை. ஆய்வாளர்கள் இந்தக் காகிதங்களைக் கோர்த்து முடித்தபோது அவர் உயிரோடு இல்லை.

நியூ ஜெர்சியிலிருந்து மாசசூசெட்ஸுக்குப் போகும் பாதையிலும் ஓர் உயில்தான் கைகொடுத்தது. அங்கே சிட்சுவேட் ஊரில் 1727இல் இறந்த கொல்லர் மோர்டெக்காய்தான் பென்சில்வேனியா மோர்டெக்காயின் அப்பா; இருவருக்கும் ஒரே பெயர். அவருடைய பிள்ளைகள் மோர்டெக்காய், ஆபிரகாம், ஐசக், ஜேக்கப். முதல் இருவரும் தெற்கே போனவர்கள். ஜனாதிபதி லிங்கன் தன் தாத்தாவின் சகோதரர்கள் என்று சொன்ன பெயர்களிலும் ஐசக், ஜேக்கப் இருக்கின்றன. வரிசை உறுதியான பிறகு இதைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது.

கொல்லர் மோர்டெக்காயின் அப்பா சாமுவேல், கடல் தாண்டி வந்த முதல் ஆள். இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில், அங்கேயும் ஒரு ஹிங்ஹாம், 1622 ஆகஸ்டில் ஞானஸ்நானம் பெற்றவர். 1637 ஏப்ரலில் கப்பலேறும் முன் எடுத்த பட்டியலில் நார்விச் நெசவாளி ஃபிரான்சிஸ் லாஸின் வேலையாளாக ‘சாமுவேல் லிங்கார்ன், வயது 18’ என்று இருக்கிறது. ஞானஸ்நானப் பதிவின்படி அவருக்கு அப்போது 14 வயதுதான். வேலைக்காரப் பையன் வயதைக் கூட்டிச் சொல்லியிருக்கலாம் என்பது என் ஊகம். என் குறிப்பேட்டில் இரண்டு வயதையும் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றை அடித்துவிட மனம் வரவில்லை.

அமெரிக்க ஹிங்ஹாமில் ஆரம்ப காலத்திலேயே பல லிங்கன்கள் இருந்தார்கள். தாமஸ் லிங்கன் என்று மட்டும் நான்கு பேர்: நெசவாளி, பீப்பாய் செய்பவர், மாவு மில்காரர், விவசாயி. தொழிலைச் சேர்த்துச் சொல்லித்தான் ஊரே அவர்களைப் பிரித்து அறிந்தது. நெசவாளி தாமஸ் சாமுவேலின் அண்ணன். 1633இலேயே போய்விட்டவர். தம்பி ஏன் அந்த ஊரில் போய்க் குடியேறினார் என்பது இதிலிருந்து புரிகிறது.

இப்போது நார்ஃபோக் பக்கம் தொடங்கியிருக்கிறேன். சாமுவேலின் அப்பா எட்வர்டு. அவருடைய அப்பா ரிச்சர்டு தன் சொத்தைப் பின்னால் மணந்த மனைவியின் பிள்ளைகளுக்கு எழுதிவைத்து, எட்வர்டை ஒதுக்கிவிட்டார். பிள்ளைகள் மூன்று பேர் கடல் தாண்டியதற்கும் இந்த உயிலுக்கும் தொடர்பு இருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. அதை உறுதியாகச் சொல்ல வேண்டுமானால் அந்த உயிலை வரிக்கு வரி படிக்க வேண்டும். பழைய ஆங்கிலக் கையெழுத்து இன்னும் எனக்கு முழுதாகப் பிடிபடவில்லை. எழுத்து எழுத்தாகப் பெயர்த்து எழுதிக்கொண்டிருக்கிறேன், முதல் பக்கம் பாதி முடிந்திருக்கிறது.