பறவைக் குறிப்புச் செயலிக்கு முகவரி அமைத்துப் பார்த்தது

ஏரிக்கரைகளில் காணும் பறவைகளைக் குறித்து வைப்பதற்காக வியூ 3 என்னும் ஜாவாஸ்கிரிப்ட் கட்டமைப்பில் நான் எழுதிவரும் சிறிய வலைச்செயலி, தொடக்கத்திலிருந்தே ஒரே முகவரியில் இயங்கிக்கொண்டிருந்தது. பட்டியல், தனிப் பறவையின் பக்கம், இடவாரிக் குறிப்புகள் என்று திரை மாறினாலும் முகவரிப் பட்டையில் ஓர் எழுத்தும் மாறாது. பக்கத்தைப் புதுப்பித்தால் முதல் திரைதான் வரும். கைப்பேசியில் பின் பொத்தானை அழுத்தினால் செயலியை விட்டே வெளியே போய்விடும். கொண்டலாத்தியின் பக்கத்தை மட்டும் இன்னொருவருக்கு அனுப்ப வழியே இல்லை. ஆகவே இந்தச் சுற்றில் வேறு எந்த வசதியையும் தொடாமல், ஒவ்வொரு திரைக்கும் ஒரு முகவரி தரும், ரூட்டிங் எனப்படும் முகவரி வழிப்படுத்தலை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

ஆயத்தமான நூலகத்தை நிறுவுவதற்கு முன், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு சிறு ரூட்டரை, அதாவது வழிப்படுத்தும் நிரலை, கையாலேயே எழுதினேன். அடிப்படை எளிது. உலாவியின் வரலாற்று இடைமுகத்தில் உள்ள புஷ்ஸ்டேட் என்னும் செயற்கூறு, சர்வரிடம் எதுவும் கேட்காமலேயே முகவரியை மாற்றி, வரலாற்றில் ஒரு புதிய பதிவைச் சேர்க்கும். பயனர் முன்னும் பின்னும் நகரும்போது பாப்ஸ்டேட் என்னும் நிகழ்வு எழும். ஆனால் நாமே புஷ்ஸ்டேட்டை அழைக்கும்போது அந்த நிகழ்வு எழாது. எனவே முகவரியை மாற்றுவதும் திரையை மாற்றுவதும் ஒரே செயற்கூறுக்குள் சேர்ந்து நடக்க வேண்டும். இதற்குச் சில வரிகள் போதும்.

நிரலின் பெரும்பகுதியை விழுங்கியது இணைப்புச் சொடுக்கு. இணைப்பை உலாவியிடமிருந்து நாம் பறித்துக்கொள்வதென்றால், எப்போது பறிக்கக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். கண்ட்ரோல் அல்லது ஷிஃப்ட் விசையுடன் சொடுக்கினால் புதிய தாவலோ சாளரமோ திறக்க வேண்டும். சுட்டியின் நடுப்பொத்தானுக்கும் அப்படியே. வேறு தளத்துக்கான இணைப்பு, தரவிறக்க இணைப்பு, புதிய தாவலைக் கேட்கும் இணைப்பு ஆகியவற்றைத் தொடவே கூடாது. இணைப்பே இல்லாமல் பொத்தானை வைத்துத் திரையை மாற்றும் செயலிகளில் புதிய தாவலில் திறக்கும் வசதி இல்லாமற் போவது எனக்கு எப்போதுமே எரிச்சல் தரும். அதனால் இந்தப் பகுதியில் சலுகை காட்டவில்லை.

இவ்வளவையும் தவிர்க்க, முகவரியில் '#' குறியீட்டுக்குப் பின்னால் பாதையை வைக்கும் பழைய வழியும் இருக்கிறது. அந்தக் குறிக்குப் பின்னுள்ளது சர்வருக்குப் போகாது என்பதால் சர்வரில் எந்த ஏற்பாடும் தேவையில்லை; 2010-இல் வந்த பேக்போன் என்னும் நூலகத்தின் காலத்துச் செயலிகள் பலவும் இவ்வழியில்தான் நின்றன. இத்தகைய பக்கங்களைத் தேடுபொறி படிப்பதற்காக, ஆச்சரியக்குறியும் சேர்த்து '#!' என்று எழுதும் முறையை 2009-இல் கூகுள் முன்மொழிந்து, 2015-இல் கைவிட்டது. என் செயலிக்குத் தேடுபொறி ஒரு பொருட்டில்லை. ஆயினும் சர்வரை மாற்றும் உரிமை கையில் இருக்கையில் அந்தக் குறியீட்டைச் சுமக்கக் காரணமும் இல்லை.

இயங்குமுறை விளங்கியதும், வியூவுக்கான ஆயத்த நூலகமாகிய வியூ ரூட்டர் 4-க்கு மாறினேன். இணைப்பு பற்றிய மேற்கண்ட கவலைகளில் பெரும்பாலானவற்றை அதன் ரூட்டர்லிங்க் என்னும் கம்போனென்ட்டே (திரையை ஆக்கும் நிரல்கூறு) கவனித்துக்கொள்கிறது. இன்னொரு ஆறுதல், பாதைகளின் முன்னுரிமை. கையால் எழுதியதில், புதிய பறவையைச் சேர்க்கும் பாதை, எந்தப் பெயரையும் ஏற்கும் பொதுப் பாதைக்கு முன்னால் எழுதப்பட வேண்டும்; இல்லாவிட்டால் 'புதிது' என்பதே ஒரு பறவையின் பெயராகிவிடும். வியூ ரூட்டரின் மூன்றாம் பதிப்பிலும் எழுதிய வரிசைதான் முன்னுரிமை. நான்காம் பதிப்பு ஒவ்வொரு பாதைக்கும் மதிப்பெண் இட்டு, நிலையான சொல் உள்ள பாதையை, மாறும் பகுதி உள்ள பாதைக்கு முன்னே தானே நிறுத்திவிடுகிறது.

அதிக நேரம் சென்றது முகவரியில் தமிழ் வைப்பதில்தான். பறவைக்கு ஓர் எண்ணைக் கொடுத்திருந்தால் இந்த வேலையே இருந்திராது. ஆனால் முகவரியைப் பார்த்ததும் எந்தப் பறவை என்று தெரிய வேண்டும் என்பது என் விருப்பம். எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யுனிகோடில், தமிழின் ஒவ்வொரு குறியும் யுடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டுகள். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் '%' குறியும் இரண்டு எழுத்துகளுமாக விரியும். 'கொண்டலாத்தி' என்பதில் 11 குறிகள். ஆக முகவரியில் 99 இடங்கள். பட்டையில் தமிழாகவே காட்டும் உலாவிகளும், நகலெடுத்து ஒட்டும்போது பெரும்பாலும் இந்த நீண்ட வடிவத்தையே தருகின்றன. இதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன்.

பொறுத்துக்கொள்ள முடியாதது வேறொன்று. 'கொ' என்னும் எழுத்தை இரு விதமாகக் குறியேற்றலாம்: ககரத்துடன் ஒகர உயிர்க்குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒன்று, எகரக் கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்ப்பது மற்றொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறு வேறு. இரண்டாம் வடிவில் வரும் கொண்டலாத்திக்கு 108 இடங்கள் பிடிக்கும். பட்டியலில் உள்ள கொண்டலாத்தியுடன் அது ஒருபோதும் பொருந்தாது. நாமக்கோழியின் 'கோ'வுக்கும் இதே நிலை. நல்லவேளையாக ஜாவாஸ்கிரிப்டில் சரங்களுக்கு நார்மலைஸ் என்னும் செயற்கூறு இருக்கிறது. அது யுனிகோடின் சேர்ப்பு வடிவத்துக்கு மாற்றி, பிரிந்து கிடக்கும் கொம்பையும் காலையும் ஒன்றாக்கிவிடும்.

கௌதாரியிடம் அந்த வித்தையும் செல்லாது. ஔகார உயிர்க்குறியின் பின்பாதி பார்வைக்கு ளகரம் போலவே இருப்பதால், கொம்பு போட்டு, ககரம் போட்டு, அடுத்து ளகரத்தையே தட்டுவோர் பலர். யுனிகோடு ளகரத்தைத் தனி எழுத்தாகவே கொள்ளும், அதை ஔகாரக் குறியுடன் சேர்க்காது, சேர்க்கவும் கூடாது. 'வெள்ளை அரிவாள் மூக்கன்' என்னும் பெயரில் கொம்பும் ளகரமும் முறையாகவே அடுத்தடுத்து வருகின்றனவே! எனவே காட்டும் பெயரைத் தொடாமல், ஒப்பிடுவதற்கு மட்டும் ஒரு திறவுச்சரத்தை உருவாக்கினேன். அதில் முதலில் சேர்ப்பு வடிவம். பிறகு கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறிகளை நீக்குதல். இறுதியில் ஔகாரக் குறி எங்கிருந்தாலும் அதைக் கொம்பும் ளகரமுமாகப் பிரித்தல். வந்த முகவரிக்கும் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் இதே சரம் உருவாகிறது. பொருந்தியபின், முகவரி நம் வடிவத்தில் இல்லையென்றால், வரலாற்றில் புதிய பதிவு சேராதபடி ரிப்ளேஸ் முறையில் சரியான வடிவத்துக்குத் திருப்பிவிடுகிறது.

இங்கே வியூ ரூட்டரின் ஒரு வழக்கத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். பாதையின் மாறும் பகுதிகளும் வினவல் பகுதியும் (முகவரியில் '?' குறிக்குப் பின் வருவது) குறிநீக்கம் செய்யப்பட்ட தமிழாகவே கைக்கு வருகின்றன. முழுப் பாதை மட்டும் '%' குறிகளோடே வருகிறது. மேற்பட்டையில் எந்தப் பிரிவு தேர்வாகியிருக்கிறது என்று காட்ட முழுப் பாதையைத் தமிழ்ச் சொல்லுடன் ஒப்பிட்டால் பொருந்தாது. பாதைக்கு வைத்த பெயரை ஒப்பிடுவதே சரி.

அடுத்து, எதற்கெல்லாம் முகவரி தருவது என்னும் கேள்வி. ரூட்டர் எழுதுவதில் யோசிக்க வேண்டிய இடம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. மற்றவையெல்லாம் ஆவணத்தைப் படித்தால் வந்துவிடும். பறவைக்கும் இடத்துக்கும் சொந்தப் பாதை உண்டு. மாதம், வரிசைமுறை போன்ற வடிகட்டல்கள் வினவல் பகுதிக்குச் சென்றன. இன்னொருவர் அதே முகவரியைத் திறந்தால் அதே பட்டியலைக் காண வேண்டும் என்பதுதான் அளவுகோல். மாதத்தை மாற்றுவது ஒரு நகர்வு. பின் பொத்தானை அழுத்தினால் முந்தைய மாதம் வர வேண்டும். தேடல் பெட்டியில் தட்டும் எழுத்துகள் அப்படியல்ல. 'மீன்கொத்தி' என்று தட்டிவிட்டு வெளியேற ஒவ்வோர் எழுத்துக்கும் ஒருமுறை பின்னால் போகச் சொல்வது கொடுமை. அதனால் தேடல் சொல்லை ரிப்ளேஸ் முறையில், தட்டுவது நின்று சிறிது நேரம் கழித்தே முகவரியில் எழுதுகிறேன். குறுகிய நேரத்தில் 100 முறைக்கு மேல் வரலாற்றை மாற்றினால் சஃபாரி பிழை எறியும் என்பதால், இந்தத் தாமதம் அழகுக்காக மட்டும் அல்ல. பாதி நிரப்பிய குறிப்புப் படிவத்துக்கு முகவரியில் இடம் கொடுக்கவில்லை; அது உலாவிக்குள்ளேயே உள்ள தரவுத்தளமான இன்டெக்ஸ்டுடிபி-யில் வரைவாகக் கிடக்கிறது.

வினவல் பகுதியில் மாதம் இருமுறை வந்தால் அதன் மதிப்பு ஒரு சரமாக இல்லாமல் அணியாக (பல மதிப்புகளின் வரிசையாக) வரும் என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டியிருந்தது. முகவரியை யார் வேண்டுமானாலும் கையால் மாற்றலாம். ஆகவே படிவத்தில் வரும் உள்ளீட்டைச் சரிபார்ப்பது போலவே முகவரியில் வருவதையும் சரிபார்க்கிறேன்.

மைனாவின் பக்கத்திலிருந்து கரிச்சான் பக்கத்துக்குச் சென்றபோது முகவரி மாறியும் படம் மாறாமல் நின்றது. பாதையின் வடிவம் ஒன்றாக இருந்து மதிப்பு மட்டும் மாறினால், வியூ ரூட்டர் அதே கம்போனென்ட்டைத் திரும்பப் பயன்படுத்துகிறது. தொடக்கத்தில் ஒருமுறை தரவை ஏற்றும் நிரல் மறுபடி ஓடாது. பறவைப் பெயரைக் கண்காணித்து, அது மாறும்போதெல்லாம் தரவை ஏற்றும்படி எழுதினால் தீர்ந்தது. பெயரையே கம்போனென்ட்டின் திறவுகோலாக வைத்து ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்கச் சொல்வது இன்னும் எளிது என்றாலும், ஒவ்வொரு நகர்விலும் பக்கம் முழுவதும் கலைந்து எழுவது கண்ணை உறுத்தியது.

பின்னால் திரும்பும்போது பட்டியலில் விட்ட இடத்துக்கே வருவதற்கு ரூட்டர் சேமித்த இடத்தைத் தருகிறது. ஆனால் என் பட்டியல் தரவுத்தளத்திலிருந்து வந்து சேருமுன் பக்கத்துக்கு உயரமே இல்லை. இல்லாத உயரத்தில் எங்கே போய் நிற்பது? இடத்தைச் சொல்லும் ரூட்டரின் அமைப்பு, விடையைப் பின்னர் தருவதாக வாக்களிக்கும் ப்ராமிஸ் ஒன்றைத் திருப்பித் தர அனுமதிப்பதால், பட்டியல் வரையப்பட்டபின் இடத்தைச் சொல்லும்படி மாற்றியிருக்கிறேன்.

சர்வர் பக்கம் சிறு வேலைதான். என்ஜின்எக்ஸ் என்னும் சர்வர் மென்பொருளின் அமைப்பில், கேட்ட கோப்பு இல்லையென்றால் முதற்பக்கக் கோப்பையே தரச் சொல்லும் ஒரு வரி சேர்ந்தது. அந்த வரியை ஸ்கிரிப்ட் கோப்புறைக்குப் பொருந்தாமல் விலக்கியும் வைத்தேன். விலக்காவிட்டால், புதிய பதிப்பை ஏற்றியபின் பழைய ஸ்கிரிப்ட் கோப்பைத் தேடும் உலாவிக்கு ஜாவாஸ்கிரிப்டுக்குப் பதில் எச்டிஎம்எல் போய்ச் சேரும். அங்கே எழும் பிழைச்செய்தியிலிருந்து உண்மைக் காரணத்தை ஊகிப்பது கடினம். இல்லாத பறவையைக் கேட்டாலும் சர்வர் 200 (எல்லாம் சரி) என்றே பதில் சொல்லும் குறை இந்த முறையில் உண்டு. தனிப்பட்ட செயலிக்கு அதை விட்டுவிட்டேன்.

முழுப் பக்கம் ஏறும்போது உலாவி தானாகச் செய்துவந்த இரண்டு வேலைகள் இப்போது நம் தலையில் விழுகின்றன: தாவலின் தலைப்பை மாற்றுவது, திரைவாசிப்பான் பயன்படுத்துவோருக்குப் பக்கம் மாறியதைத் தெரிவிப்பது. ஒவ்வொரு நகர்வுக்குப் பின்னும் தலைப்பை எழுதி, பக்கத்தின் முதன்மைத் தலைப்புக்குக் குவியத்தை (விசைப்பலகையும் திரைவாசிப்பானும் நிற்கும் இடத்தை) நகர்த்துகிறேன்.

கையால் எழுதிய ரூட்டரை அழிக்கவில்லை. குரோம் 102-இல், 2022-ஆம் ஆண்டு வந்த நேவிகேஷன் இடைமுகம், இணைப்புச் சொடுக்கையும் பின் பொத்தானையும் நிரல்வழி நகர்வையும் ஒரே நிகழ்வாகத் தந்து, அதை இடைமறிக்கவும் விடுகிறது. அதை வைத்து அந்தப் பழைய நிரலை மறுபடி எழுதிப் பார்ப்பதும், பறவைப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் திரைக்கு முகவரி கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வதும் அடுத்த சுற்றுக்கு நிற்கின்றன.