ஒரு புத்தகத்துக்கு எத்தனை வாசல்?

இன்று மகளுக்குச் செருப்பு வாங்க இணையக் கடை ஒன்றைத் திறந்தேன். அளவு, நிறம், விலை என்று தட்டத் தட்ட, பெரிய பட்டியல் பத்துப் பன்னிரண்டாகச் சுருங்கியது. உடனே சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன்தான் நினைவுக்கு வந்தார்.

கணித ஆசிரியராக இருந்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, பயிற்சிக்கு லண்டன் போனார். அங்கே ஒரு கடையில் மெக்கானோ விளையாட்டுச் சாமானைப் பார்த்திருக்கிறார். அதே துண்டுகளை மாற்றிப் பூட்டினால் வேறு வேறு பொம்மை! நூலகத்தில் ஒரு நூலின் இடத்தைக் காட்டும் எண்ணையும் இப்படித் துண்டுதுண்டாகப் பூட்டலாமே என்று தோன்றியது. 1933-இல் நூல்களை வகை பிரிக்கும் அவருடைய கோலன் பகுப்புமுறை வந்தது. எதைப் பற்றியது, எந்தப் பொருளால் ஆனது, என்ன செயல், எந்த இடம், எந்தக் காலம் என்று பிரித்துப் பார்த்து எண்ணைக் கட்டும் முறை அது. எத்தனை அழகான யோசனை!

ஆனால் அலமாரி விடவில்லையே. தஞ்சாவூர் நெற்பயிர் நோய் பற்றிய புத்தகம் ஏதோ ஒரு தட்டில்தான் நிற்க முடியும். கணினிக்கு அந்தக் கட்டு இல்லை. நெல், நோய், தஞ்சாவூர், எந்த வாசல் வழியாகவும் அதே நூலுக்குப் போகலாம்.

செருப்புக்குக் கிடைக்கும் இந்த வசதி தமிழ் நூல்களுக்கும் கிடைக்க வேண்டும் என்று மனசார ஆசைப்படுகிறேன். போன வாரம் ஒரு நூலகத்தின் தேடல் பக்கத்தில் பழைய நெல் வகைகளைப் பற்றித் தேடினேன். தலைப்பை எழுத்துப் பிசகாமல் அடித்த பிறகுதான் புத்தகம் வந்தது.