சமையற்கட்டில் சரக்கு

இங்கிலாந்தில் பாத் நகரத்தின் மில்சம் தெருவில் ஒரு துணிக்கடையில் சில காலம் வேலை பார்த்தேன். 1760களில் உருவான தெரு. வசதியானவர்கள் குடியிருக்கவும், வெந்நீர் ஊற்றுக்காக சீசனுக்கு வருகிறவர்கள் வாடகைக்குத் தங்கவும் கட்டிய வீடுகள். சில பத்தாண்டுகளிலேயே கடைகள் நுழைந்துவிட்டன.

எங்கள் கடையில் கீழ்த்தளத்தின் முன்சுவரை எடுத்துவிட்டுப் பெரிய கண்ணாடி வைத்திருந்தார்கள். மேல்மாடிகளின் மொத்தக் கல் சுவரையும் தாங்குவது கண்ணாடிக்கு மேலே குறுக்கே கிடக்கும் உத்தரம்தான். அது தெரிந்த பிறகு, ஷோகேஸ் பொம்மைக்கு உடுத்தும்போதெல்லாம் கண் தானாக மேலே போகும்.

ஸ்டாக் ரூம் நிலவறையில் இருந்தது. ஒரு காலத்தில் அதுதான் சமையற்கட்டு. அதைத் தாண்டினால் நடைபாதைக்கு அடியில் வளைவுக் கூரை போட்ட அறைகள், நிலக்கரி கொட்டி வைத்தவை. கல் ஈரம் விடும், அட்டைப்பெட்டியைத் தரையில் வைத்தால் போச்சு. முதல் மாடியில், விருந்தாளிகள் கூடிய உயரமான அறையில், சுதைப் பூவேலைக்குக் கீழே விலை கூடிய கோட்டுகள். உச்சியில் வேலைக்காரர்கள் படுத்த அறைதான் எங்களுக்குச் சாப்பாட்டு அறை. ஆக, கீழே சரக்கு எடுத்து, நடுமாடியில் அடுத்தவருக்குப் பணிவிடை செய்து, உச்சியில் போய் உட்கார்ந்தோம். 1770இல் அங்கே இருந்த பணிப்பெண்ணுக்கும் இதே படிகள்தானே!

தலைமை அலுவலகம் எதை எங்கே வைப்பது என்று எல்லாக் கிளைகளுக்கும் ஒரே வரைபடம் அனுப்பும். முகம் பார்க்கும் கண்ணாடி மாட்டச் சொல்லும் இடத்தில் எங்களுக்குச் சுவரோடு கட்டிய குளிர்காயும் கணப்பு இருக்கும். பாரம்பரியப் பட்டியலில் உள்ள கட்டடம் என்பதால் அதன் தன்மையைப் பாதிக்கும்படி அனுமதியில்லாமல் எதை மாற்றினாலும் கிரிமினல் குற்றம். அதனால் சுவரைத் தொடாமல் தனியாக நிற்கும் தட்டுகள்தான் வைத்தோம். மேனேஜருக்கு எரிச்சல், எனக்கு அது சரியென்றே பட்டது. முகப்பை மட்டும் விட்டுவிட்டு உள்ளே எல்லாவற்றையும் இடித்துக் கான்கிரீட் போட்ட கட்டடங்கள் இங்கிலாந்தில் நிறைய உண்டு. அவை வெறும் முகமூடி.

ஆனால் சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கு முதல் மாடி கிடையாது. கோட்டுகளைக் கைநிறைய அள்ளிக் கீழே கொண்டுவந்து காட்டுவோம். சிலர் சங்கடப்பட்டு, வேண்டாம் என்று கிளம்பிவிடுவார்கள். இதற்குச் சட்டத்தின் மேல் பழி போடுவது சுலபம். லிஃப்ட்டுக்கு அது ஒரேயடியாகத் தடை போடவில்லை. கட்டடத்துக்குச் சேதம் குறைவாக இருக்கும் இடத்தைக் காட்டி அனுமதி கேட்கலாம். நான் இருந்தவரை எங்கள் நிர்வாகம் அதற்கு மெனக்கெடவில்லை.